பணம் போட இரண்டு நிமிடம், எடுக்கப் பதினொரு நாள்: சூதாட்டத் தளங்களின் கேஒய்சி பற்றி ஆறு ஆண்டு அனுபவம்

ஆறு ஆண்டுகளில் நான்கு ஆன்லைன் சூதாட்டத் தளங்களில் கணக்கு வைத்திருந்தேன். இன்று ஒன்றிலும் இல்லை. எந்தத் தளத்தில் எந்த ஆட்டம் நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்ல இதை எழுதவில்லை. கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு, பணம் எடுப்பது ஆகிய இரண்டைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். கணக்குத் திறக்கும்போது இவற்றை யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. ஆனால் நான் இழந்த மிகப் பெரிய ஒற்றைத் தொகை, "எடுக்கிறேன்" என்று நான் சொன்னதற்கும் அவர்கள் தருவதற்கும் நடுவில் இருந்த நாட்களில்தான் போனது.

முதல் தளத்தில் சேர ஒரு மின்னஞ்சல் முகவரி போதுமாக இருந்தது. பிறந்த தேதியை நானே தட்டினேன், யாரும் சரிபார்க்கவில்லை. கார்டு எண்ணைக் கொடுத்ததும் இரண்டே நிமிடத்தில் பணம் உள்ளே போய்விட்டது. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை இரவு, போட்டதைப் போல எட்டு மடங்கு கணக்கில் நின்றது. உடனே வித்ட்ராவல், அதாவது பணம் எடுக்கும் கோரிக்கை, கொடுத்தேன். அப்போதுதான் திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்தது: கணக்கு சரிபார்க்கப்படவில்லை, ஆவணங்களைப் பதிவேற்றவும்.

பாஸ்போர்ட்டை மேஜையில் விரித்து, விளக்கைப் போட்டு, போனில் படம் எடுத்து அனுப்பினேன். சரிபார்ப்புக் குழு வார இறுதியில் வேலை செய்யாதாம். திங்கட்கிழமை பதில் வந்தது: படம் தெளிவாக இல்லை. எனக்குத் தெளிவாகத்தானே தெரிகிறது என்று கோபம். பிறகுதான் விஷயம் புரிந்தது. பாஸ்போர்ட்டில் நம் முகப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில் எழுத்துகளும் அம்புக்குறிகளுமாக இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்து. மென்பொருள் அதைத்தான் படிக்கிறது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது. முன்னால் உள்ள எழுத்துகளின் மதிப்பை 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, 10ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம். விளக்கின் வெளிச்சம் பட்டு ஓர் எழுத்து மங்கினாலும் கணக்கு ஒத்துவராது. என் படத்தில் இரண்டாவது வரியின் கடைசியில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அடுத்த படத்தில் என் கட்டைவிரல் ஒரு மூலையை மறைத்திருந்தது, அதுவும் திரும்பி வந்தது. நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். பகல் நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் பக்கம் வைத்து எடுத்த மூன்றாவது படம்தான் ஏற்கப்பட்டது.

முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து முகவரிச் சான்று கேட்டார்கள். போனில் இருந்த பில்லை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், செல்லாது. மூன்று மாதத்துக்குள் வந்த ஆவணமாக, முழுப் பக்கமும் தெரியும்படி வேண்டுமாம். வங்கி ஸ்டேட்மென்டை பிடிஎஃப் ஆக இறக்கி அனுப்பினேன். அதற்கும் ஒன்றரை நாள். பிறகு கார்டின் படம். இந்த மூன்றையும் முதல் நாளே ஒன்றாகக் கேட்டிருக்கலாம். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது, அது முடிந்த பிறகு இன்னொன்று என்று இழுத்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இவ்வளவு நாளும் என் தொகை "பெண்டிங்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அதற்குப் பக்கத்திலேயே "ரத்து செய்" என்று ஒரு பொத்தான். முதல் சில நாட்கள் அதைக் கண்ணில் படாதது போல விட்டேன். ஒன்பதாம் நாள் இரவு தூக்கம் வரவில்லை. வந்த பணம் இன்னும் என் பணமாகவில்லை, அதில் கொஞ்சம் எடுத்து ஆடினால் என்ன என்று தோன்றியது. பொத்தானை அழுத்தினேன். ஒன்பது நாளாக எனக்குக் கொடுக்க முடியாத பணத்தை, ஆடுவதற்கு ஒரே நொடியில் திருப்பிக் கொடுத்தார்கள். விடியும்போது கணக்கில் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் காலை மின்னஞ்சல் வந்தது: உங்கள் கணக்கு வெற்றிகரமாகச் சரிபார்க்கப்பட்டது, இனி நீங்கள் பணம் எடுக்கலாம்.

பொத்தானை அழுத்தியது என் விரல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பொத்தானை அங்கே வைத்தது யார் என்ற கேள்வியும் நியாயமானதுதான். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது. இந்த வசதியை நிறுத்தச் சொல்லி 2020இல் தளங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தார்கள். 2021 அக்டோபர் 31 முதல் அங்கே அது நிரந்தரமாகத் தடை. எடுக்கக் கேட்ட பணத்தை மறுபடி ஆட்டத்துக்குத் திருப்ப அங்கே உரிமம் பெற்ற தளம் வழி கொடுக்கக்கூடாது. இதை முதன்முதலில் படித்தபோது, எனக்கு நடந்தது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று உறைத்தது.

ஆவணம் கேட்பதே அநியாயம் என்று சொல்லமாட்டேன். லைவ் சாட்டில் கேட்டால் "சட்டப்படி கேட்கிறோம்" என்பார்கள், அதில் பாதி உண்மை. கள்ளப்பணத்தைச் சூதாட்டக் கணக்கில் போட்டு, கொஞ்சம் ஆடி, "ஜெயித்த பணம்" என்று வெளியே எடுப்பது பழைய வழி. அதைத் தடுக்கத்தான் எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு, கேசினோக்களில் 3,000 டாலர் அல்லது யூரோ, அல்லது அதற்கு மேலான பரிவர்த்தனை என்றால் ஆளை அடையாளம் காண வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரம்பு 2,000 யூரோ, பந்தயம் கட்டும்போதும் சரி, ஜெயித்ததை வாங்கும்போதும் சரி. வயது வராத பிள்ளைகள் ஆடாமல் தடுப்பதும், சூதாட்டத்தை விட வேண்டும் என்று தன்னையே விலக்கிக்கொண்டவர் வேறு பெயரில் திரும்பி வராமல் தடுப்பதும் இதே சரிபார்ப்பால்தான் முடியும்.

ஆக, கேட்பது சரி. எப்போது கேட்கிறார்கள் என்பதில்தான் தளத்தின் எண்ணம் தெரியும். பிரிட்டனில் 2019 மே 7 முதல், பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் ஒருவரை ஆடவே விடலாம். முன்பே நியாயமாகக் கேட்டிருக்கக்கூடிய ஒன்றை, பணம் எடுக்க வரும்போது நிபந்தனையாக வைக்கக்கூடாது என்றும் அங்கே விதி இருக்கிறது. சுவீடனில் 2019 ஜனவரியில் உரிம முறை வந்ததிலிருந்து பெரும்பாலும் பேங்க்ஐடி என்ற, வங்கிகள் தரும் மின்னணு அடையாளம் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். வங்கி ஏற்கனவே அடையாளம் கண்ட ஆள் என்பதால் பாஸ்போர்ட்டைப் படம் பிடிக்கும் வேலையே இல்லை. செய்ய முடியும் என்பதற்கு இவை போதும். பணம் வாங்கும்போது வாய்திறக்காமல், கொடுக்கும்போது மட்டும் சட்டம் பேசும் தளத்தை இப்போது நான் நம்புவதில்லை.

இரண்டாவது தளம் இதற்கு நேர்மாறு. மால்டா உரிமம் பெற்றது. சேர்ந்த அன்றே பாஸ்போர்ட், செல்ஃபி, முகவரிச் சான்று எல்லாம் கேட்டது. போனைப் பார்த்துத் தலையை இடதும் வலதும் திருப்பச் சொன்னது. அச்சடித்த படத்தைக் காட்டி ஏமாற்றாமல் இருக்க அப்படியாம். ஆடவே விடாமல் ஒரு நாள் காக்க வைத்தார்கள். அன்று எரிச்சலாக இருந்தது. முதல் வித்ட்ராவல் நான்கு மணி நேரத்தில் இ-வாலட்டுக்கு வந்தபோது அந்த எரிச்சல் போய்விட்டது. அங்கே ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது: வங்கிக் கணக்கில் என் பெயரின் ஒரு பகுதி முதலெழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் முழுதாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று வங்கியிடம் கடிதம் வாங்கிக் கொடுத்துத் தீர்த்தேன். கணக்குத் திறக்கும்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரைத் தட்டிவிட்டால் இந்த அலைச்சல் கிடையாது.

எந்த வழியில் போட்டோமோ அதே வழியில்தான் முதலில் திருப்பித் தருவார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அதுவும் கள்ளப்பணத் தடுப்புக்காகத்தான். அதனால் நண்பர் கார்டிலோ வீட்டில் வேறொருவர் இ-வாலட்டிலோ இருந்து பணம் போட்டால், எடுக்கும்போது நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். விபிஎன் போட்டு நாட்டை மறைத்து ஆடுவதும் அப்படித்தான். போடும்போது யாரும் தடுக்கமாட்டார்கள். ஜெயித்த பிறகு விதி மீறல் என்று மொத்தத்தையும் முடக்குவார்கள். இப்படி முடங்கிய பணத்தைப் பற்றி எங்கே போய் முறையிடுவது?

மூன்றாவது தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனஸ் என்று 100 கொடுத்தார்கள், அதை 35 மடங்கு ஆடித் தீர்த்தால்தான் எடுக்கலாம் என்றார்கள். 3,500க்கு பந்தயம் கட்ட வேண்டும். தளத்தின் சாதகம், அதாவது ஒவ்வொரு பந்தயத்திலும் சராசரியாகத் தளத்துக்குப் போகும் பங்கு, 4 சதவீதம் என்று வைத்தாலே அதில் சராசரியாக 140 போய்விடும், கொடுத்த 100ஐ விட அதிகம். இதைக் கூட்டிப் பார்த்த அன்றே வெளியே வந்துவிட்டேன்.

நான்காவது தளத்தில் இரண்டு ஆண்டு ஒழுங்காகப் போனது. ஒருநாள் திடீரென்று "பணத்தின் மூலத்தைக் காட்டவும்" என்று கடிதம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட். என் சம்பளத்தை இவர்களுக்கு ஏன் காட்ட வேண்டும் என்று குதித்தேன். லைவ் சாட்டில் ஒரு மணி நேரம் வாதாடினேன். வேறு வழியில்லாமல் ஸ்டேட்மென்டை இறக்கினேன். அதை அனுப்புமுன், தளத்துக்குப் போன தொகைகள் எவை என்று அவர்கள் தேடக் கஷ்டப்படக்கூடாதே என்று மஞ்சள் நிறத்தில் குறிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் நான்கு வரி. இரண்டாம் பக்கத்தில் ஒன்பது. மூன்றாம் பக்கத்தில் குறிக்காத வரியைத் தேட வேண்டியிருந்தது. பெரும்பாலும் சின்னச் சின்னத் தொகைகள். நள்ளிரவு தாண்டி, ஒரே இரவில் ஐந்து முறை. தளத்தின் கணக்குப் பக்கத்தில் இவை எப்போதும் தனித்தனியாகத்தான் தெரியும். வீட்டு வாடகைக்கும் மருந்துச் செலவுக்கும் நடுவில் வரிசையாகப் பார்த்தது அன்றுதான். கூட்டிப் பார்த்தேன். ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

அந்த ஸ்டேட்மென்டை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள், கணக்கைத் திறந்துவிட்டார்கள். நான் அதற்குப் பிறகு ஆடவில்லை. மீதியை எடுத்துவிட்டு மூடச் சொன்னேன்.

இப்போதும் ஆடுகிறவர்களுக்கு, பட்டு அறிந்ததில் சில. முதல் ரூபாயோ யூரோவோ போடுவதற்கு முன்னாலேயே ஆவணங்களைப் பதிவேற்றி ஒப்புதல் வாங்குங்கள். அப்படிச் செய்ய வழியே இல்லாத தளம் என்றால் விலகுங்கள். உரிம எண்ணை, கட்டுப்பாட்டு அமைப்பின் சொந்தப் பதிவேட்டில் போய்த் தேடுங்கள். தளத்தின் அடியில் இருக்கும் முத்திரைப் படம் யார் வேண்டுமானாலும் ஒட்டக்கூடியது. கரீபியன் தீவான குராசாவின் உரிமம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே நீண்ட காலம் நான்கு தலைமை உரிமதாரர்கள் மற்றவர்களுக்குத் துணை உரிமம் கொடுக்கும் முறை இருந்தது, புதிய சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது. பிரிட்டனில் புகார் எட்டு வாரத்தில் தீராவிட்டால் இலவச நடுவர் அமைப்புக்குப் போகலாம். ஆன்லைன் சூதாட்டமே தடை செய்யப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு எங்கோ இருக்கும் தளத்தில் ஆடினால் போக எந்தக் கதவும் இல்லை.

கார்டின் படம் கேட்டால் முதல் ஆறு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியட்டும். பின்பக்க மூன்று இலக்க எண்ணை மறைத்துவிடுங்கள். ஆவணத்தை மின்னஞ்சலிலோ சாட்டிலோ அனுப்பாதீர்கள், கணக்குக்குள் இருக்கும் பதிவேற்றப் பக்கத்தில் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பணத்தை விடுவிக்க முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு, "சரிபார்ப்பு டெபாசிட்" போடு என்று கேட்டால் அது மோசடி. கட்டணம் உண்மையாக இருந்தால் கொடுக்கும் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி மூன்று முறை கட்டினார். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்றார்கள். அவர் பாஸ்போர்ட் படமும் செல்ஃபியும் இன்று அவர்கள் கையில். போன பணத்தைவிட அதை நினைத்துத்தான் அவர் அதிகம் பயப்படுகிறார்.

இரண்டாவது தளத்தின் கணக்கையும் மூடினேன். மூடும்போது, என் பாஸ்போர்ட், முகம், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: கள்ளப்பணத் தடுப்புச் சட்டப்படி, உறவு முடிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதன்பின் அழிப்போம். அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். அன்று மறுபடி எழுதுவேன்.