ஹட்டன்ல சட்டம் படிக்கிற புள்ளைங்க வச்ச இலவச ஆலோசனை முகாம்: கட்டாயம் போங்க

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), சர்வீஸ் காசு (வேலையில இருந்து நிக்கும்போது தர்ற பணிக்கொடை), ஐசில அதாவது அடையாள அட்டைல பேர் பிழை, பிறப்பு சர்டிபிகேட் இல்லாதது, இப்பிடி ஏதாவது ஒண்ணு வருசக்கணக்கா இழுபட்டுக்கிட்டு இருக்குற வீடு நம்ம மலையகத்துப் பக்கம் எத்தனையோ இருக்கு. அப்பிடி இருக்கவங்க சட்ட பீடத்து மாணவர் அமைப்புங்க டவுனுக்கு வந்து முகாம் வச்சா யோசிக்காம போங்க. ஒரு சதம் கேக்க மாட்டாங்க, தமிழ்லயே கதைக்கலாம், யாரோட சிபாரிசும் தேவையில்ல. நான் பெரியம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன், அங்க பாத்ததைத்தான் எழுதுறேன்.

பெரியம்மா தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சு நின்னவங்க. சர்வீஸ் காசு கேட்டு ஒப்பீஸுக்குப் போனா வரும் வரும்னு சொல்லியே அனுப்பிருவாங்க. செக்ரோல்ல (தோட்டத்து வேலைப் பதிவு) லெச்சுமி, ஐசில லட்சுமி, அதையும் ஒரு சாட்டா சொல்லிட்டாங்க. முகாம்ல எங்க மேசைக்கு வந்தது மூணாம் வருசம் படிக்கிற ஒரு தங்கச்சி. உக்காந்ததும் சட்டம் பேசல, அம்மா டீ குடிச்சீங்களான்னு கேட்டுட்டு பையில இருந்த கடதாசி எல்லாத்தையும் மேசைல பரப்பி தேதி வாரியா அடுக்கிச்சு. கடைசியா வேலைக்குப் பேர் போட்ட நாள் எது, நீங்களா நின்னீங்களா அவங்க நிப்பாட்டினாங்களா, அதுக்கு கடிதம் ஏதும் தந்தாங்களா, சம்பளத் துண்டு கைல இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதிச்சு. அப்புறம் தொழில் திணைக்களத்துக்கு தமிழ்ல கடிதம் எழுதி, கையெழுத்து வாங்க முதல் முழுசையும் சத்தமா வாசிச்சுக் காட்டிச்சு. பெரியம்மா நடுவுல நிப்பாட்டி, நான் கடைசி காலத்துல கொழுந்து எடுக்கல புள்ள, பெக்டரில தான் இருந்தேன்னாங்க. வெட்டித் திருத்தலாம் தான, அந்தத் தங்கச்சி அந்தத் தாளையே எடுத்து வச்சுட்டு புதுசா இன்னொரு தாள்ல முதல்ல இருந்து எழுதிச்சு. எனக்கு அந்த இடத்துலயே நம்பிக்கை வந்துட்டுது.

சொல்லித் தந்த கணக்கும் எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது. 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்க பணிக்கொடைச் சட்டப்படி 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்துல 5 வருசம் முடிச்சவங்களுக்கு இந்தக் காசு சொந்தம். நாள் சம்பளக்காரங்களுக்கு ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியா வாங்கின சம்பளத்தை வச்சு. நாளைக்கு 1,350 ரூபான்னா ஒரு வருசத்துக்கு 18,900, முப்பது வருசம் உழைச்சவங்களுக்கு 5,67,000. வேலையில இருந்து நின்னு 30 நாளுக்குள்ள குடுக்கணும், பிந்தினா பிந்துற அளவுக்கு 10 வீதத்துல இருந்து 30 வீதம் வரைக்கும் மேலதிகமா கட்டணும். இது யாரும் இரக்கப்பட்டுத் தர்ற காசில்ல, ஆனா நம்ம ஆளுங்க இன்னமும் தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட கெஞ்சிக்கிட்டுத்தான் நிக்கிறாங்க. பேர் பிழைக்கு சமாதான நீதவான்கிட்ட ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு, பழைய செக்ரோல் கொப்பியோட இணைக்கச் சொன்னாங்க. ஈபிஎஃப் பொம்பளைங்களுக்கு 50 வயசுலயும் ஆம்பளைங்களுக்கு 55லயும் எடுக்கலாம்னும், அதுக்கு எந்த போம் நிரப்பணும்னும் காட்டினாங்க.

சட்டம் படிக்கிற புள்ளைங்க நடத்துற அமைப்புங்கள்ல மூட், அதாவது மாதிரி வழக்காடுறதுக்குத்தான் மவுசு கூட. 1960ல ஆரம்பிச்ச ஜெஸப் மாதிரி சர்வதேசப் போட்டிங்க எல்லாம் இங்கிலீஸ்ல, நம்ம ஊரு தோட்டத்து லயத்து வீடுகள்ல இருந்து போற புள்ளைங்க அதைப் பாத்து ஒதுங்கிருதுங்க. ஒதுங்காதீங்கன்னு தான் சொல்லுவேன். ஏன்னா எங்க மேசைல இருந்த தங்கச்சி மூட் பண்ற ஆளு, வந்தவங்க அழுது சொல்ற கதைக்குள்ள இருந்து தேதியையும் கடதாசியையும் தேடி எடுக்குறது அங்க பழகினதுன்னு அதுவே சொல்லிச்சு. அடுத்த மேசைல இருந்த தம்பி நல்ல மனசுக்காரன், பாட்டிங்க சொன்னதை எல்லாம் பொறுமையாக் கேட்டான், ஆனா எழுதின கடிதத்துல தேதியே இல்ல, சீனியர் வந்து திருப்பி எழுத வைக்க வேண்டியதாப் போச்சு.

காலையில ஒரு மாதிரி நீதிமன்றம் நடிச்சுக் காட்டினாங்க, அது சுமார், நீளம் கூடிருச்சு. அதுக்குப் பிறகு வந்த தகவல் அறியும் உரிமை பகுதி நல்லா இருந்துச்சு. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், தமிழ்லயே கேக்கலாம், எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா தகவல் அதிகாரி எழுதிக்கணும், 14 வேலை நாளுக்குள்ள தருவாங்களா இல்லையான்னு முடிவு சொல்லணும். எங்க தோட்டத்து ரோட்டை பிரதேச சபை ஏன் போடலன்னு ஒரு பையன் கேட்டதுக்கு, முந்தி தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க சட்டத்துல தடை இருந்துச்சு, 2018ல திருத்தம் வந்த பிறகு அந்தச் சாட்டு சொல்ல ஏலாதுன்னு விளக்கி, அங்கயே அவனை ஒரு விண்ணப்பம் நிரப்ப வச்சாங்க.

இனி குறை. எல்லாம் ஒரே மண்டபத்துக்குள்ள, மேசைக்கு மேசை கதைக்கிறது கேக்குது. புருசன் அடிக்கிறான்னு சொல்ல வந்த ஒரு அக்கா பின்னால வரிசையில நின்ன சொந்தக்காரங்களப் பாத்துட்டு ஐசி பிரச்சினைன்னு மாத்திச் சொன்னாங்க. வீட்டு வன்முறைக்கு 2005லயே சட்டம் வந்துருக்கு, அதைக் கேட்டுப் போக ஒரு தனி ரூம் இல்லாட்டி என்ன பிரயோசனம்? ஒரு திரைச்சீலை கட்டியிருந்தாக் கூட போதும்.

மத்தது, முகாம் முடிஞ்ச பிறகு ஆளைப் பிடிக்கிறது கஷ்டம். தந்த நம்பருக்கு எடுத்தா எக்ஸாம்னு பதில் வரல, பிறகு பொறுப்பு அடுத்த பெட்ச்சுக்கு மாறி, அவங்க பெரியம்மா கதையை முதல்ல இருந்து கேட்டாங்க. புள்ளைங்களுக்குப் படிப்பு முக்கியம், அதைக் குறை சொல்லல. ஆனா வந்தவங்க பேரு, என்ன பிரச்சினை, எந்தத் தேதில என்ன கடிதம் போச்சுன்னு ஒரு ரெஜிஸ்டர் வச்சு பெட்ச் மாறும்போது கைமாத்திக் குடுக்கலாமே. இவங்க மாணவர்கள், கோர்ட்ல ஆஜராக ஏலாது. அதனால வழக்குன்னு போற விசயங்களை சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு எழுத்துல அனுப்பி அந்தக் கொப்பியை நம்ம கைல தரணும், இப்ப வாயாலதான் போங்கன்னு சொல்றாங்க. வேலை நிப்பாட்டின கேஸ்னா 6 மாசத்துக்குள்ள தொழில் நியாய மன்றத்துக்குப் போகணும், ஒரு பெட்ச் மாறுற இடைவெளில அந்தக் காலம் ஓடிரும்.

பெரியம்மாவோட கடிதத்தை ரெஜிஸ்டர் தபால்ல போட்டோம், தொழில் காரியாலயத்துல இருந்து விசாரணைக்கு வரச்சொல்லி பதில் வந்துருக்கு. நீங்க போறதுன்னா ஐசி, பிறப்பு சர்டிபிகேட், சம்பளத் துண்டு, ஒப்பீஸ்ல தந்த எந்தத் துண்டா இருந்தாலும் ஒரிஜினலும் ரெண்டு ரெண்டு போட்டோ கொப்பியும் கொண்டு போங்க, மண்டபத்துல மெசின் இல்ல. நேரத்தோட போயிருங்க, பின்னேரம் போனா பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கம் இருந்து வர்றவங்களுக்கு பஸ் பிடிக்கிற அவசரத்துலயே பாதி சொல்லாமப் போயிரும்.