இன்ஜினை தரையில வச்சு ஸ்டார்ட் பண்ணி காட்டுனா அதை நம்பி பாக்கி காசை குடுத்துறாதீங்க

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் யாராவது பழைய இன்ஜின் வாங்கி வண்டிக்கு மாத்தப் போறீங்கன்னா இதை படிச்சுட்டு போங்க. "வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி காட்டுறோம், ஓடறதை கண்ணால பாத்துட்டு காசு குடுங்க"ன்னு சொல்றாங்க, கேக்கறதுக்கு நேர்மையாத்தான் இருக்கும். எங்களை கவுத்ததே அந்த ஸ்டார்ட்டிங்தான்.

வண்டி எங்க மாமாவோட போலெரோ, டிஐ இன்ஜின், 2523 சிசி. பழைய இன்ஜின்ல பிளாக்கே விரிசல் விட்டுருச்சு. மேட்டூர் தொறந்து குறுவை நடவு ஆரம்பிக்கற நேரம், உர மூட்டை ஏத்தணும், நடவுக்கு ஆளுங்களை கூட்டிட்டு போகணும், வண்டி இல்லன்னா கை ஒடிஞ்ச மாதிரி. தஞ்சாவூர் ரோட்டுல ஒரு பட்டறை, இன்ஜினும் அவங்களே குடுத்து அவங்களே மாத்தியும் தர்றாங்க. லேபரோட சேத்து 85,000 ரூபா பேசி 30,000 அட்வான்ஸ் குடுத்தோம், பாக்கி இன்ஜின் ஓடறதை பாத்ததும்னு பேச்சு.

வரச் சொன்ன அன்னைக்கு போனா ஷெட்டுக்குள்ள ரெண்டு லாரி டயர் மேல இன்ஜின் உக்காந்திருக்கு. பெல் ஹவுசிங்ல, அதான் கியர்பாக்ஸ் வந்து சேர்ற கூடு, செல்ஃப் மோட்டார், பக்கத்துல பேட்டரி, ஒரு கேன்ல டீசல், அதுல இருந்து டியூப். சைலன்சர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. மாமா பிளாக்குல கை வச்சுட்டு "என்னண்ணே சுடுது"ன்னாரு, "வெயில்ல கிடந்துச்சுங்க, இப்பதான் உள்ள தூக்கி வச்சோம்"னாரு பட்டறைக்காரர். ஒயரை தொட்டு செல்ஃப் அடிச்சதும் அரை சுத்துல பிடிச்சுருச்சு. காது அடைச்சுப் போற சத்தம், ஆனா புகையே இல்ல. கொஞ்ச நேரத்துலயே நிறுத்திட்டு "தண்ணி இல்லாம ஓட விட்டா ஹெட்டு போயிரும் தம்பி"ன்னாரு. அதுவும் நெஜம்தான், ரேடியேட்டர் இல்லாம டீசல் இன்ஜினை ரொம்ப நேரம் ஓட்டக் கூடாது. அந்த நெஜத்தையே மறைப்பா வச்சு வேலைய முடிச்சுட்டாங்க. பாக்கி 55,000 அங்கேயே கைமாறிருச்சு.

வண்டி வந்து நல்லாத்தான் ஓடுன மாதிரி இருந்துச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணா மட்டும் வெள்ளைப் புகை, ஒரு உதறல், சூடானா சரியாயிரும். கேட்டா "புதுசா மாட்டுனது, செட் ஆகட்டும்". அப்புறம் ஒரு நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டு போட்டிருந்தப்ப, அங்க நிக்கறது எவ்ளோ நேரம்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்ல வேண்டாம், கண்ணாடிய இறக்கிட்டு ஐடில்ல நின்னா அடியில இருந்து டக் டக் டக்குனு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் குடுத்தா அதுவும் கூடவே வேகமாகுது. அப்படியே கட்டி இழுத்துட்டு மன்னார்குடியில தெரிஞ்ச மேஸ்திரிகிட்ட விட்டோம்.

அவரு எங்களை பக்கத்துல நிக்க வச்சே பிரிச்சாரு. சம்புல (அடியில இருக்கற ஆயில் தொட்டி) இருந்து வந்த ஆயில் அவ்ளோ கெட்டி, மோந்து பாத்தா கியர் ஆயில் வாடை. ஹெட்டை கழட்டி கிராங்கை சுத்தி ஒவ்வொரு பிஸ்டனையும் மேல கொண்டு வந்து காட்டுனாரு, மூணாவது பிஸ்டன் மட்டும் மத்ததை விட அரை நூல் கீழயே நின்னுருச்சு, லைனர் (சிலிண்டரோட உள் சுவரு) மேல கரி வளையமும் அந்த சிலிண்டர்ல மட்டும் அகலமா இருக்கு. ராடு, அதான் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கற கம்பி, வளைஞ்சிருக்கு. பெல் ஹவுசிங்குக்குள்ள டார்ச் அடிச்சா மூலையெல்லாம் காஞ்ச சேறு. வெள்ளத்துல நின்ன வண்டியோட இன்ஜின் சார் அது. சிலிண்டருக்குள்ள தண்ணி போன வண்டிய ஸ்டார்ட் பண்ணா தண்ணி அமுங்காது, பிஸ்டன் முட்டி ராடு வளைஞ்சுரும். வளைஞ்ச ராடோட இன்ஜின் ஓடும், அதுதான் கொடுமையே. அந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன் கம்மி, அதனால சூடு ஏறாத இன்ஜினா ஸ்டார்ட் பண்ணா புகையும் உதறலும் காட்டிக் குடுத்துரும், பேரிங்கும் சீக்கிரம் தேயும். மேஸ்திரி சொன்னாரு, இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா ராடு ஒடிஞ்சு பிளாக்கை கிழிச்சிருக்கும்னு. நடவு ஆளுங்க எட்டு பேரு உக்காந்து போற வண்டி, நெனச்சாலே கோவம் வருது.

இப்ப அந்த பட்டறையில நடந்ததை திரும்ப பாருங்க. புகை தெரியக் கூடாதுன்னு நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி சூடு பண்ணியாச்சு. தேஞ்ச பேரிங் தட்டாம இருக்க கெட்டி ஆயில். மிச்ச தட்டலும் கேக்காம இருக்க சைலன்சர் இல்லாத சத்தம். சீக்கிரம் நிறுத்தறதுக்கு ரேடியேட்டர் சாக்கு.

அதனால ஸ்டார்ட்டிங் பாக்கறதுன்னா இப்படி பாருங்க. போனதும் முதல்ல பிளாக்குல கை வைங்க, சூடா இருந்தா ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிட்டு மறுநாள் காலையில போங்க. ஆயிலை உங்க எதுர்லயே எறக்கி, நீங்க வாங்கிட்டு போன புது ஆயிலும் ஃபில்டரும் போடச் சொல்லுங்க. ஸ்டாப் ஒயரை (கரண்ட் குடுத்தாத்தான் டீசல் போக விடற ஒயரு) கொடுக்காம வெறும் செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடிச்சு ஆயில் பிரஷர் ஏறுதான்னு மொதல்ல பாக்கணும், அப்புறம்தான் டீசல். பழைய ரேடியேட்டர் ஒன்னை ஓஸ் போட்டு மாட்டறது பெரிய வேலையே இல்ல, பழைய சைலன்சரும் அப்படித்தான், மாட்டி இருவது நிமிஷம் ஓட விட்டு ஆயில் மூடிய கழட்டி பாருங்க, அங்க இருந்து புகை குப்புனு அடிச்சா ரிங்கு போச்சு. எல்லாத்துக்கும் மேல கம்ப்ரஷன் டெஸ்ட், அதான் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்ளோ அழுத்தம் குடுக்குதுன்னு கேஜ் வச்சு பாக்கறது. நாலு சிலிண்டருக்கும் நடுவுல 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா அந்த இன்ஜின் வேணாம். கேஜ் இல்லன்னு சொல்ற இடத்துல பாக்கிப் பணத்தை எடுக்கவே எடுக்காதீங்க.

இன்னொன்னு, பில்லு. எங்களுக்கு குடுத்தது ஒரு துண்டு சீட்டு, இன்ஜின் நம்பரே இல்ல, கேட்டதுக்கு "அதெல்லாம் யாருங்க பாக்கறா"ன்னாரு. மோட்டார் வாகன சட்டம் 1988, பிரிவு 52ல இன்ஜின் மாத்தறதும் வருது, ஆர்டிஓகிட்ட ஆர்சியில ஏத்தணும், அதுக்கு நம்பரோட பில்லு வேணும். நம்பர் மாறியிருந்தா நாளைக்கு ஆக்சிடென்ட் கிளெய்ம்ல இன்ஷூரன்ஸ்காரன் அதையே பிடிச்சுக்குவான்.

பட்டறைக்காரர் போன் எடுக்கறது இல்ல. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு, வக்கீல் நோட்டீஸும் போயிருச்சு, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, நம்ம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 2 வருஷத்துக்குள்ள போடணும். வளைஞ்ச ராடு, துண்டு சீட்டு, சேறு போட்டோ எல்லாம் மாமா பத்திரமா வச்சிருக்காரு. நம்ம பக்கம் இந்த மாதிரி தரையில ஓட்டிக் காட்டி இன்ஜின் போட்டுக்கிட்டவங்க, பெல் ஹவுசிங் அடித்தகட்டை கழட்டி டார்ச் அடிச்சு பாருங்க, சேறு தெரிஞ்சா வண்டிய அதுக்கு மேல ஓட்டாதீங்க, தொடைக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துருங்க.