மனு பார்க்கப் போன கதை

மூன்று வார விடுமுறைக்கு மெல்போர்னிலிருந்து கிளம்பும்போது என் பட்டியலில் பல் மருத்துவர் இருந்தார், பத்திரப் பதிவு அலுவலகம் இருந்தது, குலதெய்வக் கோயிலும் இருந்தது. சிறை இல்லை. வந்த மறுநாள் அண்ணி வீட்டுக்கு வந்து, "தம்பி, அவரை ஒருமுறை மனு பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். யாரிடம் என்ன மனு என்று விழித்தேன். உள்ளே இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கே நம் ஊரில் மனு பார்ப்பது என்றுதான் பெயராம். இருபது ஆண்டுகள் வெளியில் இருந்தவனுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை. தெரியாமலே இருந்திருந்தால் நல்லது.

அண்ணன் என் பெரியப்பா மகன். நிதி நிறுவனம் நடத்தினார். ஒருநாள் ஷட்டரை இறக்கினார். 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்தாண்டுத் தண்டனை. ஈமு பண்ணை முதலீட்டு மோசடியில் கோழிகளோடு போன பணத்தைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்; அந்தச் சட்டத்தின் பெயர் டீக்கடையில்கூடப் புழங்கும். என் அப்பாவின் பணி ஓய்வுப் பணமும் அண்ணனின் நிறுவனத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. எந்தச் சிறை என்று நானும் சொல்லப்போவதில்லை. மாநிலத்தின் மத்தியச் சிறைகளில் ஒன்று. அவர் இன்னும் அங்கேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது மனுவுக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம். மத்திய அரசின் தளத்தில் அதற்கு 'இ-முலாகாத்' என்று பெயர். பார்க்கப் போகிறவரின் பெயர், தந்தை பெயர், முகவரி, அடையாள அட்டை, பிறகு மாநிலம், சிறை, கைதியின் பெயர், அவருடைய தந்தை பெயர் என்று வரிசையாகக் கேட்கிறது. கடைசியில் ஓடிபி. என் ஆஸ்திரேலிய எண்ணுக்கு அது வரவேயில்லை. அண்ணியின் செல்போனில் போட்டவுடன் வந்தது. ஊருக்கு வந்த கையோடு உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள். மனுவுக்கு மட்டுமல்ல, எதற்கும்.

பதிவு செய்வதற்கு முன்பே ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. விசாரணைக் கைதியை அடிக்கடி பார்க்கலாம். தண்டனைக் கைதிக்கு மனு அளந்துதான் கிடைக்கும். நான் தனியாகப் போட்டால் அந்த முறை அண்ணிக்கோ பெண்ணுக்கோ இல்லை. எனவே அண்ணியின் மனுவிலேயே என் பெயரையும் சேர்த்தோம். பெண் வரவில்லை. அவளுடைய இடத்தில்தான் நான் போனேன் என்பதைப் பஸ்ஸில்தான் அண்ணி சொன்னார்.

கவுண்டரில் இருந்த காவலர் முதலில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையை. "இதுவும் பாஸ்போர்ட்டா?" என்றார். அட்டை என்று பெயர்தானே தவிர, அது சிறு புத்தகம். அவர் கேட்டது நியாயம். பதிவில் என் பெயர் இன்ஷியலோடு இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக என் பெயருக்குப் பின்னால் நின்றது. ஒரே ஆள்தான் என்று விளக்குவதற்குள் பின்னால் வரிசை முனகத் தொடங்கிவிட்டது. தாளில் உறவு என்ற இடத்தில் நான் பழக்கதோஷத்தில் 'கசின்' என்று எழுதியிருந்தேன்.

"அப்படியென்றால்?"

"பெரியப்பா மகன்."

"அண்ணன் என்று எழுதுங்கள். இங்கே யாருக்குப் புரியும்?"

அடித்துவிட்டு எழுதினேன். ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டுமாம். வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் கண்காணிப்பாளர்தான் அனுமதிக்க வேண்டும், அவர் கேட்பார். உள்ளூரில் எனக்கு ஆதார் இல்லை, ரேஷன் அட்டை இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. அன்றைக்கு அண்ணி மட்டும் உள்ளே போனார். நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அப்பா எதுவும் பேசாமல் எழுந்துபோய்ப் பரணுக்கு ஏணி போட்டார். எழுபத்தெட்டு வயது. இறங்கி வரும்போது கையில் தாத்தா பெயரிலிருந்த பழைய ரேஷன் அட்டை. மடிப்புகளில் பழுப்பேறி, ஓர் ஓரம் கரையான் அரித்திருந்தது. கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தது. பெயர்ப் பட்டியலில் அண்ணனுக்கு வயது ஒன்பது, எனக்கு நான்கு. கீழே சர்க்கரை, மண்ணெண்ணெய்க்கான கட்டங்களில் கடைக்காரரின் கிறுக்கல்.

அடுத்த முறை அந்த அட்டையைக் கொடுத்தேன். காவலர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினார். அண்ணன் பெயரில் நின்றார், பிறகு என் பெயரில். "சரி, உட்காருங்கள்" என்று அதை உள்ளே எடுத்துச் சென்றார். முக்கால் மணி நேரத்தில் அனுமதி வந்தது. கொண்டுபோன சாக்லேட் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேன்டீன் செலவுக்கு அண்ணி பணம் கட்டினார். செல்போனை எதிரே பெட்டிக்கடையில் ஒப்படைக்க வேண்டும், வாடகை பத்து ரூபாய்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் இன்டர்காம். அதன் சுருள் வயரை யாரோ கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். ரிசீவரில் முந்தைய ஆளின் வியர்வை காயவில்லை. அண்ணி முதலில் பேசினார்: பெண்ணின் கல்லூரிக் கட்டணம், மேல்முறையீட்டு வக்கீல், கசியும் மோட்டார். என் முறை வந்தபோது நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

"எப்படி விட்டார்கள் உன்னை?" என்றார்.

அட்டையைப் பற்றிச் சொன்னேன். அப்பா ஏணி வைத்து ஏறி எடுத்தார் என்றும் சொன்னேன். அவர் ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். "மண்ணெண்ணெய் வாங்க உன்னைத் தூக்கிக்கொண்டுதான் போவேன், தெரியுமா? வரிசையில் அழுவாய்" என்றார். பணத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று நான்கு நாட்களாக மனதில் அடுக்கி வைத்திருந்ததை நானும் கேட்கவில்லை. இணைப்பு தானாகவே நின்றது.

வெளியே வந்து பத்து ரூபாய் கொடுத்தேன். "விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, சார்" என்று கடைக்காரர் செல்போனை நீட்டினார். ஆறு மிஸ்டு கால். ஆறும் அப்பா.