கடலோர வீட்டில் கணினிக்கு வாட்டர் கூலிங்: ரெடிமேடா, நாமே கட்டுவதா?

புதுச்சேரியில் கத்திரி வெயில் நேரத்தில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். கணினிக்குள் மாட்டுவது ஏர் கூலரோ வாட்டர் கூலரோ, சிப்பின் சூட்டை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. தண்ணீர் சூட்டைச் சுமந்து ரேடியேட்டரில் சேர்க்கும்; அங்கே அதை வாங்கிக்கொள்வது அதே அறைக் காற்றுதான்.

அதனால் பிராசஸருக்கு மட்டும் என்றால் என் ஓட்டு, உலோகத் தகடுகளும் ஃபேனும் மட்டுமே உள்ள பெரிய டவர் ஏர் கூலருக்கே. கெட்டுப்போகக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதையும் தனியாக மாற்றிவிடலாம். உப்புக்காற்றில் தகடு மங்கினாலும் ஒழுகுவதற்கு ஒன்றுமில்லை.

பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகத் தண்ணீர் நிரப்பியே ரெடிமேடாக வரும் ஏஐஓ, டவர் கூலர் நுழையாத கேபினெட்டுக்கும் 200 வாட்டைத் தாண்டும் பிராசஸருக்கும் சரி. ஆனால் குழாய் வழியே தண்ணீர் மெல்லக் குறையும். பெரும்பாலானவற்றில் திரும்ப நிரப்ப வழியில்லை. பம்ப் போனால் மொத்தமும் போச்சு. வாங்கினால் ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்பக்கம் மாட்டுங்கள். காற்றுக் குமிழ்கள் பம்புக்குள் போகாமல் அங்கேயே தங்கும்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கஸ்டம் லூப் கட்டுவதற்கு உண்மையான காரணம் கிராபிக்ஸ் கார்டு. 300 வாட் கார்டையும் பிராசஸரையும் ஒரே சுற்றில் சேர்த்தால், சத்தம் குறைவதில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒவ்வொரு 120 மி.மீ. ரேடியேட்டர் அளவுக்கும் சுமார் 100 வாட் என்று கணக்கு வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதற்கு மேலும் ஒன்று சேர்ப்பது நல்லது. சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு, பித்தளையில்தான் இருக்க வேண்டும். விலை மலிவு என்று அலுமினியத்தைக் கலந்தால் அது அரித்துக்கொண்டே வரும்.

கேன் தண்ணீர் கூடாது, அதில் உப்புகள் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும். ஆசிட் கலந்ததைத் தந்துவிடப் போகிறார்கள், லேபிளைப் பாருங்கள். அதோடு பாசி பிடிக்காமலிருக்கவும் துரு தடுக்கவும் மருந்து சேர்க்க வேண்டும். பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கில் வளைத்துப் போடும் கடினக் குழாய் பார்க்க அழகுதான், ஆனால் 60 டிகிரியை நெருங்கும்போது இளக ஆரம்பிக்கும். பம்ப் நின்றுபோனால் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. முதல்முறை கட்டுபவர்கள் மென்குழாயே போடுங்கள்.

மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, இணைப்புகளின் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்துப் பாருங்கள். அது நனையவில்லை என்றால் கணினியைப் போடலாம். அப்புறம் வருடம் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், அதனால் அடியில் ஒரு வடிகால் வால்வையும் இப்போதே வைத்துவிடுங்கள்.