சுருள் கயிறா, ஐந்தடிப் பட்டையா? சென்னைத் தெருவில் நாயோடு நடக்க எது தோது

மணி நாட்டு நாய், எடை 18 கிலோ. நங்கநல்லூர் குறுக்குத் தெருக்களில் அவனோடு தினமும் இரண்டு வேளை நடை. கடையில் கிடைக்கும் மூன்று வகைக் கயிறுகளையும் வாங்கிப் பார்த்தாயிற்று.

முதலில் சுருள் கயிறு. பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் சுருண்டு கிடக்கும். நாய் போகப் போக நீளும், பொத்தானை அழுத்தினால் நிற்கும். ஆளில்லாத கடற்கரை மணலில் இதைவிடச் சுகமான சாமான் கிடையாது. தெருவில் இதைவிட வம்பும் கிடையாது. என்னுடையது 5 மீட்டர். எங்கள் தெருவின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு நாள் விடியற்காலை நான் வேப்பமரத்தடியில், மணி எதிர்வீட்டு கேட்டருகில், நடுவில் மெல்லிய கருப்புக் கயிறு. பால் பாக்கெட் போடும் தம்பி மொபெட்டில் வந்தார். கயிறு அவர் கண்ணில் படவே இல்லை. பதறிப்போய்க் கைப்பிடியை விட்டேன், அவர் தப்பித்தார். ஆனால் கீழே விழுந்த கைப்பிடி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தடதடவென்று மணியைப் பின்தொடர, பேய் துரத்துகிறது என்று நினைத்தானோ என்னவோ, இரண்டு தெரு தாண்டித்தான் நின்றான். ஓடும் கயிற்றைக் கையால் பிடிக்கப் போனால் தோல் உரியும், அது தனிக் கதை. இழுத்தால் நீளும் என்று பழகிய நாய், எந்தக் கயிறு கட்டினாலும் இழுக்கத்தான் செய்யும்.

இரும்புச் சங்கிலியை நாய் கடித்து அறுக்காது. அதன் பெருமை அவ்வளவுதான். அவசரத்துக்கு நடுவில் பிடித்தால் கை நோகும்.

ஓர் அங்குல அகலமுள்ள ஐந்தடி நைலான் பட்டை பார்க்க ஒன்றுமில்லாதது. இன்று என் கையில் இருப்பது அதுதான். வண்டி வந்தால் ஒரே பிடியில் நாயைக் காலடிக்குக் கொண்டுவந்துவிடலாம். விரல்களில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய நாய் வெடுக்கென்று இழுத்தால் விரல் எலும்பு போய்விடும்.

‘என் நாய் சொன்ன பேச்சு கேட்கும், கயிறே வேண்டாம்’ என்பவர்களும் உண்டு. பட்டாசு வெடிக்கும்வரை கேட்கும். நம் அசட்டையால் அது யாரையாவது கடித்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறைக்கும் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கும் இடமிருக்கிறது.

கழுத்துப் பட்டையா, நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸா? பயந்த நாய் பின்வாக்கில் இழுத்தால் கழுத்துப் பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அது மூச்சையும் அடைக்கும். ஆகவே ஹார்னஸ், அதிலும் கயிறு மாட்ட நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ளது. முதுகில் மட்டும் வளையம் இருந்தால், வண்டி மாடு மாதிரி நம்மை இழுத்துக்கொண்டு போகும். கழுத்துப் பட்டையையும் கழற்றவில்லை, போன் நம்பர் எழுதிய வில்லை தொங்குவதற்காக.

அப்புறம் தெரு நாய்கள். கம்பா, பிஸ்கட்டா? கம்பை ஓங்கினால் ஒன்று பின்வாங்கும், அது போடும் கூச்சலில் நான்கு வந்து சேரும். பிஸ்கட் போட்டால் மறுநாள் நமக்காகவே காத்திருக்கும். தீனிக்காக மணியோடு சண்டையும் வரும். எனக்குக் கைகொடுத்தது குடைதான். பொத்தானை அழுத்தி ‘பட்’டென்று விரித்தால் அவை தயங்கி நிற்கும், அதற்குள் வந்த வழியே திரும்பிவிடலாம். ஓடக் கூடாது. சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாமல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கடி பட்டால், சின்னக் கீறலே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடித்தது தடுப்பூசி போட்ட வீட்டு நாய் என்றாலும், நமக்கு ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது.

நேரம்? வெயில் காலத்தில் விடியற்காலைதான். சாயங்காலம் 6 மணிக்குக்கூடத் தார் ரோடு கொதிக்கும். புறங்கையை 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. ஐப்பசி மழையில் நேரமே பார்ப்பதில்லை, மழை விட்டால் கிளம்பிவிடுவோம். தேங்கிய தண்ணீரில் மட்டும் இறங்குவதில்லை. எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நடைபாதையில் கதவு திறந்து கிடக்கும் மின்வாரியப் பெட்டி என்றால் பட்டையை இன்னும் சுருக்கிப் பிடிப்பேன். மணிக்குக் காலைத் தூக்க அந்தப் பெட்டிதான் வேண்டும்.