வெட்டிவேர் தட்டியோடு நான்கு கோடைகள்

காரைக்குடியில் எங்கள் வீடு கான்கிரீட் வீடு. தரைக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் போட்டிருக்கிறோம். ஓர் அறையில் ஏசி உண்டு. ஆனால் ஆத்தாவுக்கு 78 வயது. ஏசியில் அரை மணி நேரம் இருந்தாலே முழங்கால் பிடித்துக்கொள்ளும். பகல் முழுக்க ஹாலில்தான் இருப்பார். அவருக்காகத்தான் 2021 கத்திரி வெயிலில் வெட்டிவேர் தட்டி வாங்கினேன். வெட்டிவேரைச் சட்டத்தில் பின்னிய திரை அது, ஜன்னலில் கட்டித் தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும்.

முதல் வருஷம் சுத்தமாகப் பயன்படவில்லை. வெயில் படாத பக்கம் என்று கிழக்கு ஜன்னலில் கட்டி, மற்ற ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டேன். மணம் மட்டும் வந்தது. மூன்று மணிக்கெல்லாம் ஹால் இட்லிக் கொப்பரை மாதிரி புழுங்கியது. நான்கு நாள் பார்த்துவிட்டு ஆத்தாதான் சொன்னார்: "காத்து வெளிய போக வழி வச்சாத்தானே உள்ள வரும்? நம்ம வளவு வீட்டை மறந்துட்டியா?"

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பழைய வளவு வீட்டில் முகப்பில் நின்றால் வாசல் வாசலாகப் பின்கட்டு வரைக்கும் நேராகத் தெரியும். நடுவே திறந்த முற்றம். சூடான காற்று முற்றம் வழியாக மேலே போய்விடும், அந்த இடத்துக்கு நிழல் பக்கத்துக் காற்று வரும். கனமான சுண்ணாம்புச் சுவர் பகல் வெப்பத்தைச் சட்டென்று உள்ளே விடாது. சின்ன வயதில் அந்தப் பட்டாலையில் தடுக்கைப் போட்டுப் படுத்தால் மே மாதம் என்றே தோன்றாது.

அடுத்த வருஷம் தட்டியை மேற்கு ஜன்னலுக்கு மாற்றினேன். இங்கே மே, ஜூனில் பகலில் அடிப்பது பெரும்பாலும் மேல்காற்று, வறண்ட காற்று. எதிரே கிழக்கு ஜன்னலையும் மாடிப்படிக் கதவையும் திறந்து வைத்தேன். வித்தியாசம் பத்து நிமிஷத்தில் தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை உள்ளே வரும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் குளிர்ச்சி. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது. சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியில் மதியம் மூன்று, நான்கு டிகிரி குறைவாகக் காட்டும். ஆத்தா தட்டிக்கு இரண்டடி தள்ளி நாற்காலி போட்டுக்கொள்வார். அங்கே இன்னும் இதம்.

கோடை மழை பெய்த மறுநாளும், ஈரக் கீழ்க்காற்று திரும்பும் சாயங்காலங்களிலும் தட்டியால் ஒரு பயனும் இல்லை. அன்றைக்கு அதை நனைக்கவே கூடாது, புழுக்கம்தான் கூடும். ஏர் கூலருக்கும் இதே கதைதான்.

முதல் தட்டியில் இன்னொரு கஷ்டமும் பட்டேன். விற்றவர் வேரை இரும்புக் கம்பியால் பின்னியிருந்தார். ஒரே மாதத்தில் துரு ஏறி, சொட்டிய தண்ணீர் ஆத்தங்குடிக் கல்லில் இரண்டு அடிக்குப் பழுப்புக் கோடு போட்டுவிட்டது. அது சிமெண்டுக் கல், கறையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எலுமிச்சம்பழம் தேய்த்தேன், கறை போகவில்லை, கல்லின் பளபளப்புதான் போனது. இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. வாங்குகிறவர்கள் மூங்கில் சட்டமும் தென்னங்கயிறும் போட்டுப் பின்னித் தரச் சொல்லுங்கள். கீழே ஒரு ட்ரே கட்டாயம் வையுங்கள்.

தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீரில் வேர் முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்து, துடைப்பக் குச்சி போல விறைத்துப்போனது. இப்போது குழாய்த் தண்ணீர்தான். தட்டிக்கு மேலே ஊசித் துளை போட்ட பிவிசி குழாய், அதற்கு ஒரு வாளியிலிருந்து டியூப். பதினொரு மணியிலிருந்து நான்கு வரை இரண்டு வாளி ஆகிறது. ட்ரேயில் சேர்வதை மறுபடி வாளியில் ஊற்றிவிடுவேன். சாயங்காலம் தண்ணீரை நிறுத்திவிட்டு, காலையில் ஒரு மணி நேரம் வெயில் காட்ட வேண்டும். இரண்டு நாள் சோம்பேறித்தனப்பட்டால் பூஞ்சை வாடை வந்துவிடும். ஒரு தட்டி எங்களுக்கு இரண்டு கோடை தாங்குகிறது.

ராத்திரிக்கு இது போதாது. பகலெல்லாம் சூடேறிய மேல்தளம் படுத்த பிறகும் அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பங்குனியிலேயே மொட்டைமாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடிக்கிறோம். மழையில் உரிந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், ஆனாலும் உள்கூரையைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஹாலில் பழைய 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டியிருக்கிறோம். அப்புறம் மானாமதுரைப் பானை ஒன்று. அதைச் சோப்பு போடாமல் வெறும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால்தான் துளை அடையாமல் தண்ணீர் குளிரும்.

போன மாசம் பழைய தட்டியை அவிழ்த்தேன். பாதி வேர் கையிலேயே பொடிந்தது. மணம் மிச்சமிருந்த ஒரு பிடியை ஆத்தா துணியில் முடிந்து தன் பீரோவில், கண்டாங்கிச் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.