பழைய கணினிக்கு லைவ் டிஸ்க்: பப்பியா, ஆன்டிஎக்ஸா, ஸ்லாக்ஸா, டைனி கோரா?

நிறுவாமலே சிடியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ ஓடும் லைவ் லினக்ஸ்களில் லேசானது எது என்று தேடினால் எல்லோரும் முதலில் காட்டுவது ஐஎஸ்ஓ கோப்பின், அதாவது வட்டில் எழுதுவதற்காக இறக்கும் கோப்பின், அளவைத்தான். டைனி கோர் 23 எம்பி அளவில் இருக்கும், பப்பியின் ஃபோசாபப் 400 எம்பியைச் சுற்றி, ஆன்டிஎக்ஸின் முழுப் பதிப்பு ஒரு ஜிபிக்கு மேல். இந்த எண்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள். கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். பூட் ஆன பிறகு சிஸ்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? நீங்கள் செய்த வேலை எங்கே போய்ச் சேர்கிறது? இந்த இரண்டுக்கும் பப்பி, ஆன்டிஎக்ஸ், ஸ்லாக்ஸ், டைனி கோர் நான்கும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

சிடி டிரைவின் வேகம் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 150 கேபி. பழைய லேப்டாப்களில் இருந்த 24எக்ஸ் டிரைவ் உச்சத்தில் நொடிக்கு 3.6 எம்பிதான் படிக்கும். அதுவும் தொடர்ச்சியாகப் படித்தால்தான். ஒரு பிரௌசரைத் திறந்தால் அது வட்டின் இங்கொரு மூலை, அங்கொரு மூலை என்று நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளைக் கேட்கும். ஒவ்வொரு முறையும் லென்ஸ் நகர்ந்து இடத்தைப் பிடிக்கவே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். லைவ் சிடி என்றாலே ஆமை என்ற பெயர் வந்தது இதனால்தான். சிஸ்டம் முழுவதையும் பூட் ஆகும்போதே ரேமுக்குள் நகலெடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடப் பழைய கணினிகூட ஆச்சரியப்படும் அளவுக்குச் சுறுசுறுப்பாக ஓடும்.

பப்பி இதற்காகவே வளர்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி காலர் 2003-இல் அதை வெளியிட்டார். ரேம் போதுமான அளவு இருந்தால் பப்பி கேட்காமலே தன்னை ரேமுக்குள் ஏற்றிக்கொள்ளும். பிறகு சிடியை வெளியே எடுத்துவிட்டு அதே டிரைவில் வேறு வட்டைப் போடலாம். ஒரே ஒரு டிரைவ் உள்ள கணினியில் இது பெரிய விஷயம். ஆன்டிஎக்ஸும் ஸ்லாக்ஸும் இதைச் செய்யக்கூடியவைதான், ஆனால் பூட் மெனுவில் நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் வட்டைத்தான் நோண்டும். தவிர, ஆன்டிஎக்ஸின் முழுப் பதிப்பை ஒரு ஜிபி ரேமுக்குள் ஏற்றவே முடியாது. இரண்டு ஜிபி இருந்தாலும் பிரௌசருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் ஆன்டிஎக்ஸை வட்டிலிருந்து ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பென் டிரைவுக்கான ஆள்.

பென் டிரைவுக்கு வந்துவிட்டால் கதை தலைகீழாக மாறுகிறது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் நிலையான பதிப்பை அடிப்படையாகக் கொண்டது ஆன்டிஎக்ஸ். சிஸ்டத்தின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி இல்லாமல் ஐஸ்டபிள்யூஎம் போன்ற எளிய சாளர மேலாளர்களோடு வருகிறது. அதன் லைவ் வசதிகள் அளவுக்கு முழுமையானவை இந்த வட்டாரத்தில் வேறெதிலும் இல்லை என்பது என் கருத்து. நீங்கள் நிறுவிய மென்பொருள்களை வைத்திருக்கலாம், அல்லது ஹோம் கோப்புறையை மட்டும் வைத்திருக்கலாம், அல்லது இரண்டையுமே. மாற்றங்களை உடனுக்குடன் பென் டிரைவில் எழுதலாம். ரேமில் வைத்திருந்து அணைக்கும்போது எழுதச் சொல்லவும் முடியும். மாற்றங்கள் சேர்ந்து கனத்துப் போனால் எல்லாவற்றையும் அழுத்திப் புதிய மூலக் கோப்பாக மாற்றிக்கொள்ளும் ரீமாஸ்டர் கருவியும் உள்ளேயே இருக்கிறது. டெபியனின் மென்பொருள் களஞ்சியம் முழுவதும் திறந்திருப்பதால் தமிழ் எழுத்துருவோ பிரிண்டர் டிரைவரோ தேடி அலைய வேண்டியதில்லை.

ஸ்லாக்ஸ் இதே வேலையைக் குறைந்த தலைவலியோடு செய்கிறது. செக் நாட்டு நிரலாளர் ஒருவரின் படைப்பு இது. பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் மாற்றங்கள் தாமாகவே சேமிக்கப்படும், தனியாக எதையும் அமைக்க வேண்டாம். சிடியிலிருந்து பூட் செய்தால் அணைத்ததும் எல்லாம் போய்விடும். பார்க்க அழகானது, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் சேமிப்பை எப்படி, எப்போது செய்வது என்று ஆன்டிஎக்ஸ் தரும் பிடிமானம் இதில் கிடையாது.

சரி, கணினி யூஎஸ்பியிலிருந்து பூட்டே ஆகாது என்றால்? 2000-களின் தொடக்கத்தில் வந்த பல பயாஸ்களின் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்களின்) நிலை இதுதான். இங்கே பப்பி மறுபடி முன்னால் வருகிறது. சிடியில் பூட் செய்து, வேலை முடிந்து முதல் முறை அணைக்கும்போது, எங்கே சேமிக்கட்டும் என்று அதுவே கேட்கும். ஹார்டு டிஸ்கில் ஏற்கனவே விண்டோஸ் இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பகிர்வில் (டிஸ்கின் அந்தப் பிரிவில்) ஒரே ஒரு கோப்பாகத் தன் சேமிப்பை வைத்துக்கொள்ளும். பகிர்வைப் பிரிக்க வேண்டாம், விண்டோஸைத் தொட வேண்டாம். அடுத்த முறை சிடியில் பூட் ஆகும்போது அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். எழுதக்கூடிய டிரைவ் இருந்தால் அமர்வுகளை அதே வட்டில் அடுத்தடுத்து எழுதிச் சேமிப்பதும் பப்பியின் பழைய வழக்கம். ஹார்டு டிஸ்கே இல்லாத கணினியையும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார்கள். ஆன்டிஎக்ஸ்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பிளாப் பூட் மேனேஜர் என்ற சிறு கருவியை சிடியில் எழுதி, அதன் வழியாகப் பென் டிரைவை எழுப்பலாம். ஆனால் யூஎஸ்பி 1.1 மட்டுமே உள்ள கணினியில் அந்த முயற்சி வீண். அதன் உச்ச வேகமே நொடிக்கு 12 மெகாபிட், நல்ல சிடி டிரைவைவிட மெதுவானது.

பப்பியிடம் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல், அது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே இயங்குவது. புதிய பதிப்புகளில் பிரௌசரை மட்டும் ஸ்பாட் என்ற தனிப் பயனரின் கீழ் ஓட்டுகிறார்கள், அது நல்ல முன்னேற்றம். இருந்தாலும் ஹார்டு டிஸ்கில் முக்கியமான கோப்புகள் உள்ள கணினியில் கண்டதையும் அழித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் கையில் பப்பியைக் கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆன்டிஎக்ஸ் சாதாரணப் பயனராகவே தொடங்குகிறது. அதன் லைவ் கடவுச்சொற்கள் உலகம் அறிந்தவை என்பதால் முதல் வேலையாக அவற்றை மாற்றிவிடுங்கள்.

டைனி கோரை இந்தப் போட்டியில் சேர்ப்பதே கொஞ்சம் அநியாயம். 46 எம்பி ரேமில் வரைகலைத் திரையோடு எழுந்து நிற்கும், 128 எம்பி இருந்தால் வசதியாக இருக்கும். எப்போதும் ரேமில்தான் ஓடும், அதனால் மின்சாரம் திடீரென்று போனாலும் சிஸ்டம் கெட்டுப்போகாது. ஆனால் அதில் பிரௌசர் இல்லை, வைஃபை இல்லை. எல்லாவற்றையும் நீட்சிகளாக இறக்க வேண்டும், இறக்கியதை வைக்க எழுதக்கூடிய ஒரு பகிர்வு வேண்டும். வைஃபை வேண்டுமென்றால் கோர்பிளஸ் என்ற பெரிய பதிப்பை எடுக்க வேண்டும். பழுதான ஹார்டு டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்கவோ, ஒரே ஒரு நிரலை நாள் முழுக்க ஓட்டவோ இது அருமை. அன்றாடக் கணினியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் பழைய கணினியைத் திணறடிப்பது இந்த நான்கில் எதுவும் இல்லை, பிரௌசர்தான். ஆன்டிஎக்ஸ் திரை வந்து நிற்கும்போது பிடித்திருக்கும் ரேம் 200 எம்பியைச் சுற்றித்தான். அப்புறம் ஃபயர்ஃபாக்ஸில் இரண்டு மூன்று தாவல்கள் திறந்தால் ஒரு ஜிபி காணாமல் போகும். பென்டியம் 3 போன்ற செயலிகளில் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி இல்லை. 2017-இல் வந்த 53-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் அவற்றில் ஓடுவதே இல்லை. 32 பிட் லினக்ஸுக்கு குரோம் 2016-லேயே கதவை மூடிவிட்டது, ஃபயர்ஃபாக்ஸின் வழக்கமான வெளியீடுகளில் 144-உடன் அதுவும் முடிந்தது. டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளுக்கு நிறுவியோ, சிஸ்டத்தின் மையமான கெர்னலோ தருவதில்லை. டெபியன் 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அதன்மேல் கட்டப்பட்ட ஆன்டிஎக்ஸ் 23-க்கும் பப்பியின் புக்வார்ம்பப் 32 பிட் பதிப்புக்கும் கிடைக்கும் திருத்தங்களில் பெரும்பகுதி அங்கிருந்து வருபவைதான்.

ஆகவே என் தேர்வு இப்படி. 64 பிட் செயலி, இரண்டு ஜிபி ரேம், யூஎஸ்பி பூட் மூன்றும் இருந்தால் ஆன்டிஎக்ஸ், யோசிக்கவே வேண்டாம். சிடி டிரைவ் மட்டும்தான் கதி என்றால், ரேம் ஒரு ஜிபியாக இருந்தாலும் பப்பி. அடுத்தவர் கணினியில் சற்று நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க ஸ்லாக்ஸ். 256 எம்பிக்குக் கீழே இருந்தால் டைனி கோர், அதுவும் இணைய உலாவலை மறந்துவிட்டு.

எதைப் போட்டாலும், பூட் ஆனதும் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மதர்போர்டின் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியில் எந்தப் பாதுகாப்பான இணையதளமும் திறக்காது, சான்றிதழ் பிழை என்றுதான் வரும். தேதியைச் சரிசெய்த பிறகும் தளம் திறக்கவில்லை என்றால் மட்டும் வேறு டிஸ்க்கை எழுதப் போங்கள்.